எனக்கு ஒட்டாதாம்!

"...புருஷன் போயே சேந்துட்டாரு, மாமியா மட்டும் வுட மாட்டேங்கறாம்மா! கொஞ்சம் தள்ளி ஒக்காரு... ஆ, போதும்."

பெங்களூரு ஹெப்பகோடியில் பஸ் ஏறினதிலிருந்து சரளாவின் வாய் ஓயவில்லை. ஜன்னலோரம் கம்பெனி பேட்ஜ் குத்திய இளம்பெண். அவள் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கூட்டுக்காரரு லாரி ஓட்டினவரு. எச்.ஐ.வி. வந்து போயிட்டாரு. அன்னிக்கே எம் மாமியா, 'இவதான் எம்புள்ளைக்குக் குடுத்தா'ன்னு எங்க நீலசந்திரா ஏரியா பூரா தமுக்கடிச்சா. சரின்னு டெஸ்ட் எடுத்தேன். இல்லன்னு வந்துச்சு. மறுபடி எடுத்தேன், மறுபடியும் இல்ல. ஒடனே என்ன சொன்னா தெரியுமா? 'அவனுக்கு இருந்து ஒனக்கு இல்லன்னா, நீ எங்க அவங்கூடக் குடும்பம் நடத்தின?' ஐயய்யோ... எம் ரெண்டு புள்ளங்க என்ன, மழையில மொளச்சுதா?

அப்புறம் ஆராய்ச்சி பண்ற டாக்டரம்மா ஒருத்தவங்க ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. நம்ம ஒடம்புக்குள்ள டி.என்.ஏ.ன்னு நூலு மாதிரி இருக்காம். அது தெனமும் அங்கங்க அறுந்துபோவுமாம். ஒட்டுப்போட உள்ளயே ஆளுங்க இருக்காங்களாம். இந்தக் கிருமி நூல அறுத்து நடுவுல பூந்துக்குமாம், நம்ம ஆளுங்களே வந்து அதையும் சேத்துத் தெச்சு வுட்டுடுவாங்களாம்! எனக்குப் பொறப்புலயே அந்த ஒட்டுப்போடற ஜீனு வேற மாதிரியாம். அதனால தப்பிச்சிருக்கலாம்னாங்க. இருக்க-லாம்! அடிச்சுச் சொல்லல.

எம் மாமியா காதுல அந்த 'லாம்' வுழுமா? 'எங்க வூட்டு சோறு தின்ன ஒடம்பு, அதான் ஒட்டல'ன்னு தெருவெல்லாம் பெருமை! நான் குடிச்ச டம்ளர வெளிய கவுத்து வெச்சவ, காப்பி போட்டுக் கொண்டாறா. என்னடா பேஜாருன்னு பாத்தா... சின்னவன நான் கட்டிக்கணுமாம். எங்கொழுந்தன். அவனும் லாரிதான், அவனுக்கும் அதேதான். 'ஒனக்குத்தான் ஒட்டாதே!'ங்கறா.

டாக்டரம்மாகிட்டயே இழுத்துட்டுப் போனேன். 'அம்மா, வர்ற வாய்ப்பு கொஞ்சம் கம்மியா இருக்கலாம், அவ்ளோதான். வராதுன்னு யாராலயும் சொல்ல முடியாது'ன்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. இவ சொல்றா, 'பரவால்ல டாக்டரு, கட்டி வெச்சித்தான் பாப்பமே!' நான் என்ன ஆஸ்பத்திரி எலியா? முடியாதுன்னுட்டேன்.

வுட்டாளா? விஷயத்த மூடிட்டு வெளிய பொண்ணு தேடிட்டா. கொழுந்தன் கெட்டவன் இல்லம்மா. 'நானே பொண்ணுகிட்ட சொல்லிடறேன் அண்ணி'ன்னான். எங்க சொன்னான்? அம்மாவப் பாத்தா வாயி வராது. வர்ற தையில கல்யாணம். பொண்ணு இங்க ஹெப்பகோடியில கம்பெனி வேலை. அந்தப் பொண்ணுக்கு என்ன ஜீனுன்னு எந்த டாக்டரு பாத்தாங்க, சொல்லு!

கொழுந்தன் பேரா? நீ கேக்கல, நானே சொல்றேன். சீனு... ஏம்மா வீணா, எழுந்துட்ட? ஒன் ஸ்டாப்பு இன்னும் வரலியே..."

அவள் பேரைச் சரளா அதுவரை கேட்டிருக்கவேயில்லை; பேட்ஜில் இருந்ததும் கம்பெனிப் பேர் மட்டும்தான்.

வீணா கூட்டத்தை இடித்துக்கொண்டு போய், சிக்னலில் நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கினாள். ஓட்டமும் நடையுமாக எதிரிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்து போனை எடுத்தாள். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

இன்று பொழுது சாய்வதற்குள் மாமியார் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றுவாள். தூற்றட்டும். சரளா ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.