நூற்றெழுபத்தெட்டுக்குக் கிடைத்த சைபர்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் தாண்டவராயனார் அவர்களே! பென்னலூர்ப் பெரியோர்களே! ஆலை வேலை முடித்து, அலுப்போடும் ஆசையோடும் வந்திருக்கும் தந்தையரே! பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்த தாய்மார்களே! குன்றத்தூர்க் கணித ஆசிரியை ரஞ்சனியின் பணிவான வணக்கம்.

கணிதம் என்பது என்ன? அளந்து அறிவதா? ஆராய்ந்து நிறுவுவதா? அறிஞர்கள் காலங்காலமாய்க் கேட்டுவரும் கேள்வி இது. போன வெள்ளிக்கிழமை இந்தப் பள்ளியின் எட்டாம் வகுப்பில் விருந்தினராக உட்கார்ந்திருந்தேன். அந்தக் கேள்வி அங்கே அழுதுகொண்டு நின்றது.

முக்கோணம் வரைந்து, மூன்று கோணங்களையும் அளந்து கூட்டச் சொன்னார் ஆசிரியர். எல்லோரும் நூற்றெண்பது என்று எழுதினார்கள். பாதிப் பேர் கோணமானியைத் தொடவே இல்லை! சிரிக்காதீர்கள் தாய்மார்களே, எனக்கு நெஞ்சு வலிக்கிறது. ஜோதி என்ற சிறுமி மட்டும் நூற்றெழுபத்தெட்டு என்று எழுதினாள். அதற்குச் சைபர் விழுந்தது. "அளந்தேன் சார், அதான் வந்துச்சு" என்றாள். "உனக்குக் கணக்கே ஏறாது" என்றார் ஆசிரியர்.

அளந்தவள் அழுகிறாள்! அளக்காதவர்கள் மதிப்பெண் வாங்குகிறார்கள்! இதுவா கல்வி?

என்ன ஐயா, பின்னாலிருந்து? "அப்ப நூத்தியெண்பது தப்பா டீச்சர்?" என்கிறீர்களா? தப்பே இல்லை. பென்சில் கோட்டுக்குத் தடிமன் உண்டு. மனத்தில் நினைக்கும் கோட்டுக்கு இல்லை. காகிதத்தில் அளந்தால் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். மனத்து முக்கோணத்துக்கு என்றைக்கும் நூற்றெண்பதுதான். அதைக் காரணம் சொல்லித்தான் நிறுவ வேண்டும். அந்த வாசல்வரை வந்துவிட்டாள் குழந்தை. நாம் கதவைச் சாத்திவிட்டோம்! விடையை முன்னே வைத்துவிட்டு அளக்கச் சொன்னால், பிள்ளை கற்பது கணிதமா, நடிப்பா?

ஆசிரியரை நான் ஏசவில்லை. அவருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஆனால் அந்தச் சைபரைப் பார்த்து, மகளை எட்டாவதோடு நிறுத்திவிட்ட தந்தை கன்னியப்பன் இதோ முன்வரிசையில் இருக்கிறார். ஐயா, உங்கள் ஆலையில் அளவு தவறிய இரும்பைச் சரி என்று எழுதினால் யாருடைய விரல் போகும்? கண்டதைக் கண்டபடி எழுதிய மகளையா நிறுத்துவது?

எழுந்துவிட்டாரே! சொல்லுங்கள் ஐயா.

"நாளிக்கே அனுப்புறேன் டீச்சர். அந்த சைபர மட்டும் எட்த்துட சொல்லுங்க. அதயே பாத்துக்கினு சோறு துன்ன மாட்டேன்றா."

கேட்டீர்களா? இதோ, தலைமையாசிரியர் பேனாவைத் திறக்கிறார். ஜோதியம்மா, மேடைக்கு வா. நீ அளந்ததை அளந்தபடியே இந்த ஊருக்குச் சொல். ஏன் நூற்றெண்பது என்பதைப் பிறகு சேர்ந்து நிறுவுவோம். என் பேச்சு இத்தோடு போதும். இனி அவள் பேசட்டும். செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்!