தாண்டு செத்த கஜுக் கண்டுகள்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஒருத்தர் தயவுமில்லாமல் இரண்டு கடை போட்டவன் நான். கேளாதவனுக்கும் யோசனை சொல்லுவேன். அன்று கிண்ணியாப் பாதைப் படகில் ஏறித் துறையைக் கடக்கும்போது மட்டும் காதைத்தான் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற குறிஞ்சாக்கேணி வயல்காரர், கையில் கஜுக் கண்டு, அதாவது முந்திரிக் கன்று, நட்ட ஒரு பழைய மாப்பால் தகர ரின்னோடு, தன் மச்சானிடம் சொன்னார்:

“என்ட கஜுக் கண்டெல்லாம் தண்ணியில தாண்டு செத்துப் போச்சு, மச்சான்.”

“கரையில நிண்ட கண்டு தாண்டதோ? நல்ல கதை!”

“சிரிக்காதடா. நெல்லுக்கு நல்லமெண்டு குளத்துச் சேத்தைத்தான் ரின் முட்ட அடைச்சனான். உலக்கையால இடிச்சு இறுக்கினனான்.”

“ரின்னுக்கு அடியில ஓட்டை போட்டனீங்களோ?”

“போட்டால் தண்ணி ஓடிப்போயிருமெல்லோ?”

மச்சான் கண்டைப் பிடித்து இழுத்தார். வேர் கறுத்து, அழுகல் மணத்தோடு கழன்று வந்தது.

“வேருக்குக் காத்து வேணும். மணலும் உமியும் கலந்திருக்கோணும். இனி விதைச்சாலும் வளர நாளெடுக்குமே. மரத்தைப் பாக்கக் காணிக் கந்தோர் ஐயா எப்ப வாறார்?”

“வாற கிழமை. கஜு நடச்சொல்லி அரசாங்கம் தந்த மேட்டுக் காணியெல்லோ, மரம் நிக்காட்டி அதை வேற ஆளுக்குக் குடுத்திருவாங்க.”

“மனிசிக்குத் தெரியுமோ?”

“சொல்ல வாய் வரேல்லை. இலை பழுக்கப் பழுக்க, தண்ணி காணாதெண்டு கிணத்தில அள்ளி அள்ளி ஊத்துறா. இப்பவும் ஊத்திக்கொண்டுதான் நிப்பா.”