கண்களுக்கு மேல் ஒரு கோடு

ஜெராக்ஸில் கறுப்பு நன்றாக விழ வேண்டுமென்றால் ஒரே கோட்டை மூன்று தடவை போட வேண்டும். ஒரு தடவை போட்டால் சாம்பலாகத்தான் வரும், அடியில் இருப்பது தெரிந்துவிடும். பதினாறு வருடமாக ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். இது எனக்குக் கைவந்த வேலை.

கத்திக் கத்திப் பாடும் ஒரு பங்க் இசைக்குழுவின் நோட்டீஸ்களை நான்தான் அடித்துக்கொடுத்தேன். நாலு பேர். பெண்ணை விரும்பும் பெண்கள் இருவர், ஆணை விரும்பும் ஆண் ஒருவன், விண்ணப்பத்தில் ஆண், பெண் இரண்டு கட்டத்திலும் டிக் அடிக்காத ஒருவர். படத்தில் அவர்கள் கண்களுக்கு மேல் கறுப்புக் கோடு போடுவது என் பொறுப்பு. வீட்டுக்குத் தெரிந்தால் தொலைந்தார்கள்.

முதல் தடவை நோட்டீஸ் கட்டோடு அவர்கள் வாசிக்கும் பேஸ்மென்டுக்குப் போனபோது வாசலிலேயே நின்றேன். டிரம்ஸ் அடிப்பவன், "என்னக்கா வெளியாள் மாதிரி நிக்கிறீங்க, உள்ள வாங்க" என்றான். எனக்கும் பெண்களைத்தான் பிடிக்கும் என்று நாற்பத்தொரு வயதுவரை யாரிடமும் வாய் திறக்காதவள் நான். அந்தக் காட்டுக்கத்தலுக்கு நடுவே நானும் தொண்டை கிழியக் கத்தினேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

பாடுகிறவளைக் கீச்சு என்று கூப்பிடுவோம். மருந்துக்கடைக்காரர் மகள். ஒருநாள் சான்றிதழ்களை நகலெடுக்கக் கொண்டுவந்தாள். "வெளியூர்ல வேலை கெடச்சிருக்குக்கா. அடுத்த மாசம் கெளம்புறேன். இப்போதைக்கு யாருக்கும் சொல்லாதீங்க." அவள் போனால் குழு கலையும், பேஸ்மென்ட் கைவிட்டுப் போகும். பிறகு எனக்கு மெஷினும் நாலு சுவரும்தான். வாழ்த்துச் சொன்னேன், மனதாரத்தான்.

அடுத்த நோட்டீஸ் இருநூறு பிரதி. கீச்சு கிட்டார்க்காரியை முத்தமிடும் படம். நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் கோடு இருந்தது. ஒன்றில் கீச்சுவின் கண்களை அப்படியே விட்டேன். அதைக் காலையில் மருந்துக்கடைக்கு எதிர்ச் சுவரில் நானே ஒட்டினேன், ஓரம் பிரியாமல் தேய்த்து.

இரண்டு திட்டு விழும், கோபித்துக்கொண்டு எங்களிடம் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். வந்தாள். ஒரு பையோடு, இடது காதைப் பொத்திக்கொண்டு. அப்பா அறைந்ததில் அந்தக் காது போய்விட்டது. இனித் தேறாது என்றார் டாக்டர். சான்றிதழ்களை அப்பா எரித்துவிட்டார், வேலையும் போயிற்று. அவற்றின் நகல் என் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. முதலில் அவள் உடம்பு தேறட்டும் என்று இன்னும் சொல்லவில்லை.

அந்த ஒரு பிரதியில் மெஷின் கோட்டை விட்டுவிட்டது என்று சொல்லி அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. கீச்சுதான் தேற்றினாள். "மெஷின் பண்ண தப்புக்கு நீங்க என்னக்கா பண்ணுவீங்க? விடுங்க. நம்ம பாட்டுக்கு ஒரு காதே ஜாஸ்தி." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இப்போது என் அறையில்தான் இருக்கிறாள். வலப்பக்கம் நின்றுதான் பேசுகிறேன். நேற்று அடுத்த நோட்டீஸுக்குப் படம் கொடுத்தாள். "என் மூஞ்சிக்கு இனிமே கோடு வேணாங்கா. யாருக்குப் பயந்து ஒளிக்கணும்? எனக்குன்னு இருக்கிறது நீங்கதான்."

சரி என்றேன். கடைக்கு வந்து அவள் கண்களுக்கு மேல் மூன்று தடவை கோடு போட்டேன். பிரதி எடுத்துப் பார்த்தேன். கண்கள் தெரிந்தன. நாலாவது தடவையும் போட்டேன்.