சாற்றில் இறால் இல்லை என்று சொன்னது

பெயர் சவியா பிந்தி மாட் நூர், வயது ஐம்பத்து நான்கு, கைம்பெண். முகவரி சுங்கைப்பட்டாணிக்கு வெளியே கம்போங் பாயா ராவா, பள்ளிவாசல் சாலை. அதே சாலையில் பத்தொன்பது வருடமாகக் குவேதியோ, அதாவது தட்டை அரிசி நூடுல்ஸ், பிரட்டி விற்கிறேன். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் கடை திறப்பேன்.

என் கடைக்குக் கூட்டம் வருவது அதில் ஊற்றும் சாற்றுக்காக. அதை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நானே காய்ச்சுவேன். என் நாத்தனார் சலாமியா ஒன்பது வருடம் என்னோடு நின்று பிரட்டினாள், அவளுக்கும் சொல்லவில்லை. அதன் பிறகு அவள் கோபித்துக்கொண்டு எதிர்ச்சாரியில் கடை போட்டாள். சாற்றில் என்ன இருக்கிறது என்று யார் கேட்டாலும் அவள் அனுப்பிய ஆள் என்றே நினைப்பேன். என் புத்தி அப்படி.

நோன்புப் பெருநாளுக்கு அடுத்த சனிக்கிழமை, ஐந்தரை மணி இருக்கும், ஹஸ்ருல் என்பவரும் அவர் மனைவி நஸீராவும் வந்தார்கள். முன்பின் பார்த்ததில்லை. அவர், "அக்கா, எனக்கு எறா வேணாம், சிப்பி மட்டும் போடுங்க. சாறுல எறா சேருமா?" என்று கேட்டார். வரிசையே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. நான், "எறா இல்ல. சோயா, மிளகாய், சர்க்கரை. போதுமா தம்பி, இல்ல அளவும் வேணுமா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அதன் பிறகு அவர் பாதித் தட்டு சாப்பிட்டிருப்பார், மூச்சு இழுக்கத் தொடங்கியது. அவருக்குச் சிறு வயது முதல் இழுப்பு உண்டாம். சட்டிப் புகை என்று நினைத்து நஸீரா இழுப்பு மருந்தைக் கொடுத்தார், கேட்கவில்லை. உடனே என்னிடம் ஓடி வந்து, "அக்கா, நெசமா எறா இல்லையே? அவருக்கு எறா ஆகாது, இருந்தா சொல்லிடுங்க, கார்ல அதுக்கு ஊசி இருக்கு" என்றார். எதிரே சலாமியா கரண்டியும் கையுமாக எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். இது அவள் கட்டிவிட்ட நாடகம் என்று நினைத்தேன். "இல்லன்னா இல்லதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டைப் பிரட்டினேன்.

அந்தத் தட்டை வைக்கப் போனபோது அவர் உதடு வீங்கி நீலமாக இருந்தது. "எறாத்தலை அரைச்சு ஊத்தியிருக்கேன், ஓடும்மா!" என்று கத்தினேன். என் கடைக் கூட்டத்தால் அவர்கள் காரைப் பள்ளிவாசலுக்கு அப்பால்தான் நிறுத்த முடிந்திருந்தது. நஸீரா செருப்பை விட்டுவிட்டு ஓடினார். ஊசி போட்டோம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவர் இறந்தார். அந்தச் செருப்பு இன்னும் என் கடையில்தான் இருக்கிறது, கொண்டுபோய்க் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

மறுநாள் அடக்கம் முடிந்து சலாமியா என் வீட்டுக்கு வந்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன், ஏசவில்லை. "அண்ணி, அது எறாத்தலைன்னு மொத வருசமே எனக்குத் தெரியும். நானும் அதையேதான் காய்ச்சுறேன். கேக்குறவங்ககிட்ட சொல்லிடுவேன்" என்றாள்.

போலீசில் என்னை யாரும் மிரட்டவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. அன்று இரண்டு முறை இல்லை என்று சொன்ன இதே வாயால் இன்று சொன்னது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) சவியா பிந்தி மாட் நூர்