இடது பக்க வீல்

கார் நன்றாக ஓட வேண்டும் என்று யாரும் அலாய் வீல் மாட்டுவதில்லை, இன்ஸ்பெக்டர் சார். சிக்னலில் நிற்கும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும்; அதற்காகத்தான். வேங்கிக்காலில் கடை வைத்த நாளிலிருந்து பார்க்கிறேன். தப்பில்லை. அந்த ஆசையில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது.

என் தங்கை கவிநிலாவின் கணவன் பிரகாஷுக்கும் அதே ஆசை. பெரிய கறுப்பு வீல், அதைச் சுற்றி வளையல்போல மெல்லிய டயர். பள்ளத்தில் இறங்கினால் அடி நேராக முதுகெலும்புக்கு வரும்.

"வேணாம் மாப்ள, குலுக்கல் ஜாஸ்தியா இருக்கும். அவ மாசமா இருக்கறா," என்றேன்.

"வண்டி கெத்தா இருக்கணும் மச்சான். நீ மாட்டு."

மாட்டினேன். கீழ்பென்னாத்தூர் வரை போய்வந்தார்கள். மறுநாள் கரு கலைந்தது. குழந்தையின் இதயம் முன்பே நின்றுவிட்டது, பயணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். டாக்டருக்கு டயரைப் பற்றி என்ன தெரியும்?

பிரகாஷ் அழுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீலைக் கழற்றவில்லை. போன மாதம் வளைந்த ரிம்மைச் சரிசெய்ய வந்தான். கவிநிலாவும் கூட வந்தாள். பழைய வீலையே போட்டுத் தருகிறேன் என்றேன்.

"இதுவே இருக்கட்டும்ண்ணா. அவரு ஆசப்படறாரு இல்ல," என்று அவள் சிரித்தாள்.

பறிகொடுத்தவள் சிரிக்கிறாள். முன்பக்க இடது வீலின் நட்டுகளை விரலால் மட்டும் திருகி, மேலே மூடியை மாட்டினேன். முறுக்க மறந்துவிட்டதாக உங்கள் ஏட்டு எழுதியிருக்கிறார். மறக்கவில்லை, திருத்தச் சொல்லுங்கள்.

ஓட்டுகிறவன் உட்காருவது வலது பக்கம்தானே, இடது வீலை ஏன் தொட்டாய் என்கிறீர்கள். நான் நின்றிருந்த பக்கம் அது. வேறொன்றுமில்லை.

நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல. "நீ பஸ்ல போம்மா, நான் ஏத்தி விடறேன்," என்று அவளிடம் சொன்னேன்.

"எதுக்குண்ணா?"

"பின்னாடியாச்சும் உக்காரு," என்றேன். அவள் கேட்காமல் முன்சீட்டில் ஏறினாள். கையசைத்து அனுப்பினேன்.

பிரகாஷ் பிழைத்துக்கொண்டான். என்மேல் என்ன வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள். ஆனால் கவிநிலா செத்தது அவளுடைய பிடிவாதத்தால். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.