கூண்டு இரண்டான விவரம்

உங்கள் பிராணிகள் ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர்களுக்குப் போட்டிருக்கும் நாற்காலிகள் மிகவும் வசதியானவை, டாக்டரம்மா. மூன்று மாதமாக வாரம் ஒரு முறை அவற்றில் உட்காருகிறேன். என் முதுகுக்கு வேறெங்கும் இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

போன சனிக்கிழமை நீங்கள் கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு, "சார், நிஜமாவே வீட்ல என்னதான் நடக்குது? இந்நேரம் ரெண்டும் ஒண்ணா உட்கார்ந்திருக்கணுமே" என்று கேட்டீர்கள். மனைவி பக்கத்தில் இருந்தாள். ஆகவே இருமினேன். அன்றிலிருந்து உங்கள் வைத்தியத்தின் மேலேயே உங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டதோ என்று எனக்கு ஒரே உறுத்தல். உங்கள் வைத்தியத்தில் ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டூட்டி சார்ட் போட்டவன் நான். எந்த டிரைவரோடு எந்தக் கண்டக்டர் என்பது என் பென்சில் முனையில் இருந்தது. நான் சேர்த்துவைத்த ஜோடிகள் உலக ஜனத்தொகையில் பாதியையாவது ஏற்றி இறக்கியிருக்கும், குறைத்தே சொல்கிறேன். ஒரு ஜோடி அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அரட்டை அடிக்கத் தொடங்கிவிடும். நான் யாரையும் திட்டமாட்டேன். ஒருவனை மட்டும் ஒரு வாரம் வேறு ரூட்டுக்கு அனுப்புவேன். திரும்பும்போது அவனிடம் வேறு கதை, வேறு சிரிப்பு, வேறு ஆட்களின் வாடை இருக்கும். பழைய கூட்டாளிக்கு அது ஆகாது. இரண்டே நாளில் இருவரும் தனித்தனியாக என் மேஜைக்கு வந்து, "சார், இனிமே என்னை அவனோட போடாதீங்க" என்பார்கள். நான் வருத்தத்தோடு தலையாட்டுவேன்.

மகள் வேலைக்காக வெளியூர் போனபோது இரண்டு சின்சில்லாக்களை எங்களிடம் விட்டுப்போனாள். வெள்ளையாக இருப்பது பஞ்சு, கறுப்பாக இருப்பது கரியன். ஒரே வயிற்றில் பிறந்த ஆண் குட்டிகள். அணிலையும் முயலையும் ஒரு பிடி பிசைந்து, மிச்சமிருந்த மயிரையெல்லாம் மேலே கொட்டியதுபோல் இருக்கும். ஒரே தட்டில் தின்று, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து தூங்கும். உஷ்ணம் ஆகாது என்பதால் கூண்டு ஏசி அறைக்குப் போயிற்று. வீட்டில் ஏசி இருப்பது என் அறையில் மட்டும். அதனால் ஒன்றுமில்லை.

பிறகு மச்சான் வந்தார், என் மனைவியின் அண்ணன். மனைவியை இழந்தவர், தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார். மூச்சு இழுப்பு வேறு. "ரெண்டு வாரம் இருந்துட்டுக் கிளம்பிடுறேன் மாப்ள" என்றார். எந்த இரண்டு வாரம் என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பத்து மாதம் இருந்தார். குளிர்ந்த காற்று அவருக்கு இதமாக இருக்கிறதென்று அவருடைய கட்டிலும் என் அறைக்கே வந்தது. என் சாய்வு நாற்காலியும் நானும் ஹாலுக்கு வந்தோம்.

அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

கூண்டைத் திறந்தால் இரண்டும் அவர் தோள்களில் ஆளுக்கொரு பக்கம் ஏறி உட்கார்ந்து புருவத்தைக் கோதிவிடும். நான் கிட்டே போனால் கரியன் பின்னங்காலில் எழுந்து நின்று, குறி தவறாமல் என் மூக்கில் சிறுநீர் அடிப்பான். "டிக்கெட் கிழிச்சுக் குடுக்குறான் மாப்ள, வாங்கிக்குங்க" என்றார் மச்சான். மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் என் ஜோக்குக்கு அவள் சுவரைப் பிடித்ததில்லை. நானும் சிரித்தேன். எனக்கு அது நன்றாக வரும்.

இவை தண்ணீரில் குளிப்பதில்லை, நுண்ணிய மணலில் புரளும், ஒன்றையொன்று வாசனையால்தான் அடையாளம் காணும் என்று, இவை வந்த புதிதில் பரிசோதனைக்குக் கொண்டுவந்தபோது நீங்கள்தான் விளக்கினீர்கள். பெண் வாடை பட்டால் சொந்த அண்ணன் தம்பிக்குள்ளேயே அடிதடி என்றும் எச்சரித்தீர்கள். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

மாடி வீட்டுத் தையல்காரம்மா ஒரு பெண் சின்சில்லா வளர்க்கிறார். சட்டைப் பட்டனைக் கத்தரித்துக்கொண்டு, தைத்துத் தரச் சொல்லி மேலே போனேன்.

"அப்படியே உங்க பாப்பா புரண்ட மண்ணு கொஞ்சம் குடும்மா."

"அது எதுக்குங்க?"

"செடிக்கு."

ஒரு டப்பா நிறையக் கொடுத்தார். அவருக்கு வேறெதுவும் தெரியாது.

மறுநாள் காலை மச்சான் நடக்கப் போயிருந்தார், மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். கையுறை போட்டுக் கரியனைத் தூக்கி, அந்த மணலில் புரளவிட்டு, கூண்டில் திரும்ப வைத்தேன். பஞ்சு அவனை மூக்கிலிருந்து வால்வரை ஒரு முறை மோந்தான். நம்பிக்கை வராமல் இன்னொரு முறை மோந்தான். பிறகு பல்லை நறநறத்தான். அடுத்து எழுந்த குரைப்புக்கு எங்கள் டிப்போவின் மிகப் பழைய பிரேக்கே பரவாயில்லை. பறந்த மயிரில் இரண்டு மெத்தை தைத்திருக்கலாம். பஞ்சின் வலது காதில் நகமளவு போயிற்று. உடனே பிரித்திருப்பேன், மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். அது மூக்கில்தான் இருந்தது.

மச்சான் வந்து பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"புது சோப்பு ஏதாவது போட்டீங்களா மச்சான்?" என்றேன். கேள்விதான் கேட்டேன்; பழி சொல்லவில்லை.

அவர் உள்ளங்கையை மோந்து பார்த்தார். "நேத்துதான் மாத்தினேன். என்னாலயா மாப்ள?"

"அப்படி யாரு சொன்னா? இதுங்களுக்கு வாசனை மாறினா ஆகாது, அவ்வளவுதான்."

"அண்ணே, நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றாள் மனைவி.

அவர் சோப்பையே விட்டார். தலைக்கு எண்ணெய் வைப்பதையும் விட்டார். ஒவ்வொரு நாளும் வெறும் தண்ணீரில் மூன்று முறை குளித்துவிட்டு, கூண்டுக்கு ஐந்தடி தள்ளி நின்று பஞ்சின் காதையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் கரியனை இன்னும் இரண்டு முறை புரளவிட்டேன். எதையும் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது சரியல்ல.

இரண்டாம் வாரம் பெட்டி கட்டினார். "ரெண்டு கூண்டு வைக்கணும்னா அந்த ரூம்ல கட்டிலுக்கு ஏது இடம்? அதுங்க என்னைக்குச் சேருதோ அன்னைக்கு வர்றேன்" என்றார். தன் பழைய வீட்டையும் அவர் காலி செய்திருந்தார். இப்போது ஒரு வண்டி பெயின்ட் பட்டறைக்கு மேல் ஒற்றை அறையில் இருக்கிறார். மாலையில் மனைவி போன் போட்டால், "ஹலோ"வுக்கு முன்னால் இழுப்பு கேட்கும். அவர் முதலில் கேட்பது எங்கள் நலத்தை அல்ல. "சேர்ந்துச்சுங்களாம்மா?" என்பதுதான்.

கட்டில் போன இடத்தில் ஒரு கூண்டும் ஒரு சாய்வு நாற்காலியும் அளவெடுத்துச் செய்ததுபோல் அடங்கிவிட்டன.

கூண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னீர்கள். இவன் புரண்ட மணலை அவனுக்கும் அவன் புரண்டதை இவனுக்கும் தினமும் மாற்றி வைத்தால் வாசனை ஒன்றாகிப் பழையபடி சேர்ந்துவிடும் என்றீர்கள். அந்த வேலையை என்னிடம் ஒப்படைத்து, "சார் மாதிரி பொறுமையா செய்றவங்க ரொம்பக் கம்மி" என்று மனைவி எதிரிலேயே பாராட்டினீர்கள். அதற்கு நான் என்றும் கடமைப்பட்டவன். தொண்ணூற்றிரண்டு நாளில் ஒரு நாளும் தவறவில்லை. காலை ஏழு மணிக்கு இரண்டு கிண்ணத்தையும் நானே எடுத்து, நானே மணலை மாற்றி, நானே வைக்கிறேன்.

கரியனுடைய மணல் மட்டும் இன்னமும் மாடியிலிருந்து வருகிறது.

மச்சான் திரும்பி வந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவன் நானாகத்தான் இருப்பேன். ஆனால் ஒற்றுமை என்பது அதுவாக உள்ளிருந்து வர வேண்டும், டாக்டரம்மா. அதில் நான் போய்க் குறுக்கிட விரும்பவில்லை.