சுவருக்கு அப்பால் கேட்கும் கைதட்டல்

விழாவுக்குத் தலைமை தாங்கும் பெருந்தலைவர் அவர்களே! என் பேச்சின் நீளம் அறிந்து பாய் விரித்து அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! விருந்து வேகும் அடுப்புக் கல் ஆறுவதற்குள் முடி என்று கண்ணாலேயே கட்டளையிடும் தாய்மார்களே! வணக்கம்.

நாளை நம் பள்ளியில் நம் மொழி ஒலிக்கும். ஒலிக்க வைத்தவர் யார்? இதோ, ஓடில் கெர்வெல்லா அம்மையார். பிரான்சின் மேற்குக் கடலோரத்தில், பிரெத்தோன் மொழி பேசும் வீட்டில் பிறந்தவர். வீட்டு மொழியை வகுப்பில் பேசியதற்காக அவர் தந்தையை முழங்காலில் நிறுத்தினார்கள். மகளோ பதினோரு மொழி படித்து, பாரிஸில் பட்டம் வாங்கி, தலை நரைத்தபின் நம் பள்ளத்தாக்குக்கு வந்தார். பழிவாங்க இதைவிட நாகரிகமான வழி உண்டா?

போன ஆண்டு தலைநகர் நூமேயாவிலிருந்து கல்வி அதிகாரிகள் வந்தார்கள். இருவர் நம் மொழியில் சரளமாக உரையாடிக் காட்டினால் வகுப்பு உண்டு, இல்லையேல் இல்லை. ஓடில் நம் ஊரின் தலைசிறந்த வாயாடிகளைத் தேர்ந்தெடுத்தார். எலோய், அவர் தங்கை லியோனி. எதிரெதிரே உட்கார வைத்தார். (அங்கே யார் சிரிப்பது? அன்று நீங்களும்தான் வாய் திறக்கவில்லை!)

எலோய் கூரையைப் பார்த்தார். லியோனி தரையைப் பார்த்தார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"பேச ஆளே இல்லையே மேடம். கிளம்பலாமா?"

வாசலில் நின்ற அவர்களின் மாமன் மகன் சிப்ரியாங் பொறுக்காமல் கத்தினார்: "ஓடிலக்கா! இத்தனை மொழி படிச்சீங்களே, வளர்ந்த அண்ணன் தங்கச்சி மூஞ்சி பார்த்துப் பேசக்கூடாதுன்னு ஒண்ணுலயும் சொல்லலையா?"

வெளியே வண்டி உறுமியது. ஓடில் ஓடிப்போய் அதிகாரியின் காலைப் பிடித்தாரா? இல்லை. நம் வழக்கப்படி துணியும் கிழங்கும் எலோய் முன் வைத்து, தலை குனிந்து, நம் மொழியில் மன்னிப்புக் கேட்டார். எலோய் கிழங்கைத் தொட்டு ஏற்றுக்கொண்டு வெளியேறினார். அந்த நாற்காலியில் சிப்ரியாங் உட்கார்ந்தார்.

"என்ன லியோனி, உன் கிழங்கு மாதிரி நீயும் மண்ணுக்குள்ளயே இருந்துடுவியா?"

"என்னோடது மண்ணுக்குள்ளயாவது இருக்கு. உன் தோட்டத்துல களைகூட முளைக்க வெக்கப்படுதேடா!"

கேலி உறவுக்காரர்கள் வாய் திறந்தால் மூடுவார்களா? அதன்பின் அதிகாரிகள் கெஞ்சியது பேசச் சொல்லி அல்ல, நிறுத்தச் சொல்லி! வகுப்புக்கு அனுமதி வந்தது.

அந்த வகுப்பின் ஆசிரியை லியோனி இதோ மேடையில் இருக்கிறார். ஆகவே, அண்ணன் தங்கை வழக்கப்படி, எலோய் மண்டபத்தில் இல்லை. அவருடைய பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கிறார்கள். ஓடில் அம்மையார் இன்று காலை வந்ததும் முதல் வேலையாக, யாரிடமும் கேட்காமல், ஒரு ஒலிபெருக்கியைத் தூக்கிச் சன்னலுக்கு வெளியே திருப்பி வைத்தார்.

சற்று அமைதியாக இருங்கள். கேட்கிறதா? அந்தச் சுவருக்குப் பின்னால் ஒற்றை ஆளாய்க் கைதட்டுவது எலோய்தான்.

உள்ளே இருப்போருக்கும், மரியாதையோடு வெளியே நிற்பவருக்கும் நன்றி. வணக்கம்!